பொம்மை ரெயிலும் பொய் சொல்லக் கூடாது!

பழனி மலையின் அடிவாரத்தில் ஒரு காலத்தில் சின்ன ரெயில் ஓடியது.

அதற்கு மீட்டர் கேஜ் ரெயில் என்று பெயர். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே சரியாக 1 மீட்டர் இடைவெளி. அதனால் வந்த பெயர் அது.

கொடைக்கானல் மலை மேல் ரெயில் ஏறியதே இல்லை. மலைக்குப் போகிறவர்கள் அடிவாரத்தில் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்க வேண்டும். அம்மையநாயக்கனூர் என்பது அதன் பழைய பெயர். திண்டுக்கல்லில் இருந்து மதுரைக்குப் போகும் அந்தப் பாதை 1875-ல் திறக்கப்பட்டது. மலைக்கு வடக்கே, பழனி வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகும் பாதை 1928-ல் வந்தது.

இன்று இரண்டும் அகலப் பாதைகள். தண்டவாளங்களின் இடைவெளி 1,676 மில்லி மீட்டர். கடைசியாக, பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே 2015-ல் அகலப் பாதை திறக்கப்பட்டது. மீட்டர் கேஜ் அத்துடன் மலையடிவாரத்தை விட்டுப் போய்விட்டது.

அந்தச் சின்ன ரெயிலை இனி எங்கே பார்ப்பது? பழைய போட்டோவில் பார்க்கலாம். போட்டோவைப் பார்த்துச் செய்த சிறு மாதிரியில் பார்க்கலாம்.

கூட்ஸ் பெட்டிக்கு மாலை இல்லை

என்ஜினுக்கு மரியாதை உண்டு. வண்ணம் பூசி மியூசியத்தில் நிறுத்துகிறார்கள். கூட்ஸ் பெட்டிக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு. உழைத்து ஓய்ந்ததும் பெரும்பாலும் பழைய இரும்பாகத்தான் போகிறது.

ஊருக்கு உப்பும் அரிசியும் உரமும் கொண்டுவந்தது யார்? கூட்ஸ் பெட்டிதான். ஆகவே மாதிரி செய்கிறவர் கூட்ஸ் பெட்டியைச் செய்தால் அது நல்ல காரியம். ஆனால் உள்ளபடி செய்ய வேண்டும்.

87-ல் ஒரு பங்கு

மாதிரி ரெயில் செய்கிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பலர் கையாளும் அளவு 87-ல் ஒரு பங்கு. அதாவது 87 மில்லி மீட்டர் நீளமுள்ள பொருள், மாதிரியில் 1 மில்லி மீட்டர் ஆகிவிடும்.

இதில் 1 மில்லி மீட்டர் பிசகினால் என்ன ஆகும்? அசல் பெட்டியில் அது கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் பிசகு! கதவு நிலை 9 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் வீட்டில் யாரும் சும்மா இருப்பார்களா?

போட்டோவே அளவுகோல்

அளக்க வழி இருக்கிறது. போட்டோவில் அளவு தெரிந்த ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியின் பக்கத்துச் சுவரை ஒட்டி 1 மீட்டர் உயரமுள்ள ஒரு பொருள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது போட்டோவில் 2 சென்டிமீட்டர். கதவின் அகலம் போட்டோவில் 3 சென்டிமீட்டர். அப்படியானால் அசல் கதவின் அகலம் ஒன்றரை மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால், மாதிரியில் சுமார் 17 மில்லி மீட்டர். பள்ளிக்கூடக் கணக்குதான்!

ஒரு எச்சரிக்கை. கிட்ட இருப்பது பெரிதாகத் தெரியும். எட்ட இருப்பது சிறிதாகத் தெரியும். அளவு தெரிந்த பொருளும் அளக்க வேண்டிய பொருளும் காமிராவில் இருந்து ஒரே தூரத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரிப்படும்.

கறுப்பா, சிவப்பா?

நிறத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

அந்தக் காலத்துப் பிலிம்களில் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. செங்காவி பூசிய பெட்டி அவற்றில் ஏறக்குறையக் கறுப்பாக விழும். நீல வானம் வெள்ளையாக விழும். போட்டோவில் கறுப்பு என்பதற்காக மாதிரிக்கும் கறுப்புப் பூசினால், அது காமிராவின் குறையைப் பெட்டியின் மேல் ஏற்றுவதாகும்.

எழுத்து அப்படி ஏமாற்றாது. பெட்டியின் மேல் 'எஸ்.ஐ.ஆர்.' என்று இருந்தால் அது தென்னிந்திய ரெயில்வே காலத்துப் பெயிண்டு. 14-4-1951 அன்று தெற்கு ரெயில்வே உண்டாயிற்று. அதற்குப் பிறகு வந்த எழுத்து 'எஸ்.ஆர்.' இரண்டு எழுத்தா, மூன்று எழுத்தா என்று பார்த்தாலே காலம் ஓரளவு புரிந்துவிடும்.

யாருக்குத் தெரியப் போகிறது?

"விளையாட்டுச் சாமான்தானே! ஒரு ஆணி கூடினால் என்ன, குறைந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு.

விளையாட்டுக்கு என்றால் சரி. குழந்தைக்கு நெருப்புப் பெட்டியும் ரெயில்தான். ஆனால் 'பழனிப் பாதையில் ஓடிய பெட்டி' என்று பெயர் எழுதி வைத்தால் பேச்சே வேறு. அது சாட்சி சொல்ல வந்துவிட்டது. சாட்சி பொய் சொல்லலாமா?

அயல்நாட்டில் செய்த ஒரு பெட்டியை வாங்குகிறார்கள். அதன் முனையில் இடம் ஒன்று வலம் ஒன்றாக இரண்டு மோதுகட்டைகள் இருக்கும். நம் மீட்டர் கேஜ் பெட்டிக்கு நடுவில் ஒன்றுதான். பெயரை மட்டும் தமிழ்நாட்டுப் பாதைக்கு மாற்றி எழுதினால், பார்க்கிற பையன் இரண்டு என்றே நம்புவான். திருத்திச் சொல்ல அசல் பெட்டி எதிரே வந்து நிற்கப் போவதில்லை.

போட்டோவில் பெட்டியின் மறுபக்கம் தெரியாது. அதற்கு அதே வகைப் பெட்டியின் வேறு போட்டோவைத் தேட வேண்டும். அல்லது ரெயில்வே வரைபடத்தைப் பார்க்க வேண்டும். இரண்டும் கிடைக்காவிட்டால் ஊகித்துச் செய்யலாம், குற்றம் இல்லை. ஆனால் 'இது ஊகம்' என்று ஒரு சீட்டில் எழுதி வைக்க வேண்டும். ஊகத்தை உண்மை என்று காட்டுவதுதான் குற்றம்.

கொடைக்கானல் காட்டும் வழி

போட்டோவை எப்படிப் பாதுகாப்பது என்பதற்கு இந்த மலையிலேயே பாடம் இருக்கிறது.

கொடைக்கானல் சூரிய ஆய்வுக் கூடத்தில் 1904 முதல் சூரியனைப் போட்டோ பிடித்துவந்தார்கள். வானம் தெளிந்த நாளெல்லாம் எடுத்தார்கள். கண்ணாடித் தகட்டில் விழுந்த அந்தப் படங்களை இன்று கம்ப்யூட்டரில் ஏற்றி விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். என்று எடுத்த படம் என்ற விவரம் இருப்பதால்தான் 100 ஆண்டு கழித்தும் அவை பயன்படுகின்றன. தேதி இல்லாவிட்டால் அவை வெறும் வட்டங்கள்!

குடும்ப போட்டோவுக்கும் இதுவே நியாயம்.

பழனிக்குக் காவடி எடுத்துப் போனபோது எடுத்தது, கோடைக்கு மலைக்குப் போனபோது ஸ்டேஷனில் எடுத்தது என்று எத்தனையோ வீடுகளில் படங்கள் கிடக்கின்றன. தாத்தாவும் பாட்டியும் முன்னே நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு கூட்ஸ் பெட்டியும் நிற்கலாம். அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அந்தப் படத்தை வெட்டிச் சட்டம் போடக் கூடாது. எந்த ஊர், எந்த வருஷம், யார் யார் என்று பெரியவர்களைக் கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் எழுதி வைக்க வேண்டும். கேட்டுச் சொல்லப் பெரியவர்கள் இருக்கும்போதே எழுத வேண்டும்.

தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தாயிற்று. படத்தையும் தொலைத்துவிட்டால், பேரன் கேட்கும்போது காட்ட என்ன இருக்கும்?