வில் இருக்கு... வேல் இருக்கு... சோறு?



சினிமாவிலும் கம்ப்யூட்டர் கேமிலும் நம்ம பசங்களுக்கு ரொம்பப் பிடித்தது போர்க்களக் காட்சிதான். வேல் பிடித்தவன் முன்னால், வில் பிடித்தவன் பின்னால், பக்கவாட்டில் குதிரை மேல் ஒரு நாடோடிக் கூட்டம். கற்பனைப் போர் என்றாலே இந்த அமைப்புதான். சும்மா சொல்லக்கூடாது, பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் நாடோடிக்குக் கொடுத்திருக்கும் இடம் சரிதானா? சரியில்லை என்பது என் கட்சி.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் 2019-ஆம் ஆண்டுப் போரை நம்மில் பலர் பார்த்திருப்போம். வேல்படை அணிவகுத்து நிற்கிறது. கோட்டைச் சுவரில் ஆட்கள் நிற்கிறார்கள். நாடோடிக் குதிரைக்காரர்களை மட்டும் எதிரி எங்கே, எத்தனை பேர் என்று தெரியாத இருட்டுக்குள் முதல் ஆளாக அனுப்புகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் கையிலிருந்த நெருப்பெல்லாம் அணைந்துவிடுகிறது. நம் ஊர் 'பாகுபலி' (2015) மட்டும் என்ன? காலகேயர் என்றால் கறுப்பு மை, புரியாத பாஷை, காட்டுமிராண்டித்தனம். ஒன்று, நாடோடி முதலில் சாக வேண்டும். இல்லையென்றால் வில்லனாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேலையா?

நாம் தொழில் படிக்கிற பிள்ளைகள். ஒர்க்‌ஷாப் கண்ணோடு பாருங்கள். வேல்படை என்பது வைஸ் மாதிரி. எதிரியை ஒரு இடத்தில் பிடித்து நிறுத்தும். வில்படை அரம் மாதிரி. பிடித்து வைத்ததைத் தேய்த்துக் குறைக்கும். வைஸ் இல்லாமல் அரம் வேலை செய்யாது. வேல்காரன் முன்னால் இல்லாவிட்டால் வில்லாளியைக் குதிரை மிதித்துவிட்டுப் போய்விடும். எல்லாம் சரி... மெட்டீரியல் எங்கிருந்து வரும்? அம்பு தீர்ந்தால் யார் கொண்டு வருவது? அரிசி தீர்ந்தால்?

நம்ம மணிமங்கலத்தையே எடுத்துக்கொள்வோம். கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே தாண்டிப் போகிற இந்த ஊர், பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியைத் தோற்கடித்த களங்களில் ஒன்று. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று கூரம் செப்பேடு வரிசையாகச் சொல்கிறது. அதன் பிறகு 642 வாக்கில் வாதாபி விழுந்தது. காஞ்சிக்கும் வாதாபிக்கும் 500 கிலோமீட்டருக்கு மேல் தூரம். இங்குள்ள ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரில் இன்னொரு போரும் எழுதியிருக்கிறது. 1054 வாக்கில் கொப்பத்தில் நடந்த சண்டை அது. அம்பு மழை இராசேந்திர தேவனின் யானை நெற்றியிலும், அவன் தொடையிலும் தோளிலும் பாய்ந்ததாக அந்தக் கல்வெட்டு சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலிலோ 'பண்டித சோழத் தெரிந்த வில்லிகள்' என்று ஒரு வில்படைக்குப் பெயரே வெட்டி வைத்திருக்கிறார்கள். தெரிந்த என்றால் தேர்ந்தெடுத்த என்று பொருள். ராஜாவுக்குப் புகழ், வில்லாளிக்குப் பெயர். அத்தனை தூரம் நெல் சுமந்து போனவனுக்கு?

அதற்குப் பதில் பிற்காலச் சரித்திரத்தில் இருக்கிறது. 1791 மே மாதம் கார்ன்வாலிஸ், திப்புவின் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்திலேயே ஜெயித்தார். ஜெயித்தும் திரும்பி ஓட வேண்டியதாயிற்று. காரணம், தானியம் இல்லை, வண்டி இழுக்கும் மாடுகள் செத்து விழுந்தன. பெரிய பீரங்கிகளைத் தாங்களே உடைத்துப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். அடுத்த 1792-இல் அதே ஊரை முற்றுகையிட முடிந்தது என்றால், அதற்கு முக்கியமான ஒரு காரணம் லம்பாடிகள். ஆயிரக்கணக்கான பொதிமாடுகளில் தானியம் ஏற்றி, குடும்பம் குட்டியோடு நடந்துகொண்டே வியாபாரம் செய்த நாடோடிகள் அவர்கள். பாதை, தண்ணீர், புல் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. முகலாயர் படைக்கும் சோறு போட்டவர்கள் அவர்கள்தான்.

பிறகு என்ன ஆனது? ரயில் வந்தது, பொதிமாட்டுக்கு வேலை போனது. 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஓரிடத்தில் நிற்காமல் அலைவதே குற்றமாகப் பார்க்கப்பட்டது. லம்பாடிகளில் பல பிரிவினரும் அந்தப் பட்டியலில் ஏறினார்கள். சட்டம் 1952-இல் போய்விட்டது. நம் நாட்டு நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் வரை ஆகியிருக்கிறது. சட்டம் போனாலும் பார்வை போகவில்லை நண்பர்களே!

இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தாத்தா கீதாரி. அறுப்பு முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டு, ஊர் ஊராக நடந்தவர். அப்பா இன்றும் ஆடுகளோடுதான் இருக்கிறார். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் படியேறிய முதல் ஆள் நான். அட்மிஷனுக்காக ஒரு சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு நாலு தடவை அலைந்தேன். "நிரந்தர முகவரி இல்லாத நாடோடிப் பசங்களுக்கு எப்படிய்யா தர்றது?" என்று அங்கே ஒருவர் சிரித்தார். எந்த வயலில் என்றைக்குத் தண்ணீர் வற்றும், எந்தக் கரையில் புல் கிடைக்கும் என்று ஒரு ஜில்லா முழுக்க மனப்பாடமாகச் சொல்பவர் என் தாத்தா. அந்தப் படிப்புக்குச் சான்றிதழ் கொடுக்க இங்கே யாரும் இல்லை.

ஆகவே, கல்லூரி விழாவுக்கு நாடகம், குறும்படம் எடுக்கிற நண்பர்களுக்கும், கேம் செய்யக் கனவு காண்கிற நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கற்பனைப் படையில் நாடோடியும் இருக்கட்டும். ஆனால் அவனை இருட்டுக்குள் தள்ளாதீர்கள். அவன் சொல்கிற வழியில் வேல்படை நடக்கட்டும், அவன் கொண்டு வருகிற அம்பை வில்படை எய்யட்டும். ஒரகடத்தில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் மூட்டையோடு வந்து நம் பக்கத்து மெஷினில் நிற்கும் தொழிலாளியை "ஏய் இந்திக்காரா" என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

நின்றவனுக்கும் எய்தவனுக்கும் கல்லில் பெயர் இருக்கிறது. நடந்து வந்து சோறு போட்டவனுக்கு நாமாவது ஒரு வரி எழுதுவோம்!

- மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை