மைனாவின் பூர்வீகம்

மைனாவை அறியாதார் நம்முள் இலர். பூவை என்றும் நாகணவாய்ப்புள் என்றும் நம் முன்னோர் வழங்கிய அப்பறவை, பாடசாலை முற்றத்திலும் வயல்வரம்பிலும் நம்மோடு ஒட்டி வாழ்வது. ஆயினும், கடல் கடந்த நாடுகள் பலவற்றில் அதன் பெயரைச் சொன்னால் முகஞ்சுளிப்பர். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் அறிஞர்கள் 2000ஆம் ஆண்டில் தொகுத்த, பெருந்தீங்கு விளைக்கும் 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்ற பறவைகள் மூன்றே. அவற்றுள் மைனாவும் ஒன்று. மரப்பொந்துகளைக் கைப்பற்றிச் சுதேசப் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் அழிக்கின்றது என்பதே அதன்மீதுள்ள குற்றச்சாட்டு.

இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால், ஆயிரக்கணக்கான மைல் கடலைச் சிறகடித்துக் கடக்கவல்ல பறவையன்று மைனா. அது அங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது எங்ஙனம்? மனிதன் கூண்டிலடைத்துக் கொண்டுபோனான் என்பதே விடை. 1762இல் மொரிசியஸ் தீவின் பயிர்களை வெட்டுக்கிளிகளினின்று காக்கவென்று இந்தியாவிலிருந்து மைனாக்கள் வருவிக்கப்பட்டன. 1860களில் மெல்பேண் நகரிலும் ஹவாய்த் தீவுகளிலும், 1870களில் நியூசிலாந்திலும் அவை விடப்பட்டன. பின்னர் பீஜித் தீவுகளுக்கும் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகருக்கும் சென்றன. பூச்சிகளைத் தின்னும் கூலியில்லா வேலையாள் என்றே பல இடங்களில் அதனை வரவேற்றனர்.

கொண்டுபோனோர் எல்லோரும் கணக்கு எழுதிவைக்கவில்லை. எந்த ஊர்ப் பறவை எந்தத் துறைமுகத்துக்குச் சென்றது என்பதைப் பழைய பத்திரங்களால் மட்டும் துணிய முடியாது. இறகின் நிறங்கொண்டு துணிதலும் அரிது. இலங்கை மைனா சற்றுக் கறுத்ததாதலின் அதனைத் தனித் துணையினமாக வகுத்துள்ளனர். இந்தியப் பெருநிலத்து மைனாக்களையோ கண்ணாற் பார்த்து ஊர் பிரித்தல் இயலாது. இங்கேதான் பிறப்புரிமையியல் துணைக்கு வருகின்றது.

அதன் முறை தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் ஏடுகளை ஒப்புநோக்கிய முறையை எண்ணுக. ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதும்போது புகுந்த பிழை, அதனைப் பார்த்து எழுதிய ஏடுகளிலும் தொடரும். ஆகவே, பொதுவான பிழைகள் பல உடைய ஏடுகள் ஒரே மூலத்தின் வழிவந்தவை எனக் கொள்ளலாம். உயிரின் ஏடாகிய டி.என்.ஏ.யும் நான்கு எழுத்துக்களால் ஆனது. தலைமுறைதோறும் படியெடுக்கப்படும்போது அங்கங்கே ஓரெழுத்து மாறுகின்றது. அம்மாற்றம் வழித்தோன்றல்களிடம் தங்கிவிடுகின்றது. மேலும், ஒரு கூட்டத்திலிருந்து சில பறவைகளே பிரித்துக் கொண்டுசெல்லப்படின், தாய்க்கூட்டத்தின் பாடபேதங்களுள் ஒரு பங்குதான் அவற்றோடு செல்லும். அக்குறைவே பயணத்தின் சுவடாகும்.

2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 814 மைனாக்களிடம் இத்தகைய ஓரெழுத்து வேறுபாடுகளை ஆயிரக்கணக்கில் ஒப்பிட்டது. மெல்பேண் மைனாக்களும் பீஜி மைனாக்களும் மகாராஷ்டிரப் பகுதியின் ஒரு கூட்டத்திலிருந்து வந்திருத்தல் வேண்டும் என்பது அதன் முடிபு. நியூசிலாந்தின் மைனாக்களுக்கு மூலம் மெல்பேண். ஹவாயினவும் தென்னாபிரிக்காவினவும் இந்தியாவின் வேறு இடங்களிலிருந்து தனித்தனியே சென்றவை. நியூசிலாந்தின் வடதீவில், மலைத்தொடரின் இருபுறமும் வாழும் மைனாக்கள் இரு வேறு கூட்டங்களாய்ப் பிரிந்து நிற்பதும் தெரியவந்தது.

இதனாற் பயன் என்ன? மைனாவை ஒழித்த தீவில் மீண்டும் மைனா தோன்றினால், அது முன்பு தப்பிப் பிழைத்ததன் வழியா, வெளியிலிருந்து புதிதாக வந்ததா என அறிதல் வேண்டும். முன்னதாயின் பிடிக்கும் வேலை முடியவில்லை; பின்னதாயின் வரும் வழியை அடைத்தல் வேண்டும். இரண்டையும் வேறுபடுத்தாது செய்யுஞ் செலவு வீணே.

ஆயினும், இவ்வறிவைக் கையாள்வதில் ஓர் எச்சரிக்கை தேவை என்பது என் கருத்து. உயிர்ப்பல்வகைமை குறித்த அரசுகளிடை அமைப்பு 2023 செப்டெம்பரில் வெளியிட்ட அறிக்கை, 37,000க்கு மேற்பட்ட இனங்கள் மனிதராற் புதிய இடங்களிற் புகுத்தப்பட்டுள்ளன என்றும், அவற்றுள் 3,500க்கு மேற்பட்டவை தீங்கானவை என்றும் கூறிற்று. இவ்விரு எண்களையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும். வந்தவற்றுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே தீங்கு செய்வது. அந்நியம் வேறு, தீங்கு வேறு. பிறப்புரிமையியல் முன்னதைச் சொல்லும். பின்னதை அறியக் களத்திற் சென்று கூட்டையும் முட்டையையும் பார்த்தல் வேண்டும்.

அவுஸ்திரேலியாவிற் பலர் இப்பறவையை ‘இந்திய மைனா’ என்றே அழைக்கின்றனர். தீங்கோடு பூர்வீகத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டால், பூர்வீகமே குற்றமென மயங்குதல் எளிது. பிறந்த இடத்தைக் கொண்டு தகுதியை அளக்கும் பழக்கம் பறவைகளோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு மனித வரலாறே சான்று. சுதேசப் பறவைகளைக் காக்க மைனாவைப் பிடித்தேயாக வேண்டிய தீவுகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. தீங்கு உள்ள இடத்தை ஆராய்ந்து அங்கே கைவைப்பது அறிவுடைமை. இனிப் புறப்படும் கூண்டுகளைத் துறைமுகத்திலேயே தடுப்பது அரசுகளின் கடமை.