சிறு டாங்கிக்கு எந்த மண்?

பிளாஸ்டிக்கில் வார்த்த, உள்ளங்கை அகலமே உள்ள டாங்கி வண்டிக்கு என்ன வண்ணம் பூசுவது என்பதும் ஒரு பொருளா, அதற்கும் சங்க ஏட்டில் இடம் ஒதுக்க வேண்டுமா என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சென்ற ஆண்டு விழாக் கண்காட்சியில் எந்த மேசையைச் சுற்றிக் கூட்டம் நின்றது என்பதை அவர்கள் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். கவிதைகள் தொங்கிய தட்டியை அன்று. மாணவர்கள் செய்து வைத்த மாதிரி வண்டிகளைத்தான் பெற்றோரும் பிள்ளைகளும் விட்டு நகர மறுத்தார்கள். அத்தனை பேர் பார்க்கும் பொருள் பொய் சொல்லலாகாது என்பதே நான் இங்கு எழுத வந்தது.

அந்த மேசையில் ஒரு பாட்டன் டாங்கி நின்றது. ‘அசல் உத்தர், 1965’ என்று அழகிய கையெழுத்தில் ஓர் அட்டை. வண்டியோ தலைமுதல் அடிவரை துருவேறி, கோடைச் செம்புழுதி படிந்து, நூறாண்டு கிடந்த பழைய இரும்பைப் போலக் காட்சி அளித்தது. கைத்திறனுக்குக் குறைவில்லை. செய்தவர் யாரென்று நான் சொல்லப் போவதுமில்லை. ஆனால் அசல் உத்தரில் நடந்தது என்ன?

1965 செப்டம்பர் 8-ஆம் நாள் தொடங்கி மூன்று நாட்கள், பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் அந்தப் போர் நடந்தது. எதிர்த்து வந்த பாட்டன் டாங்கிகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 டன் எடை. நம் படையினர் பின்வாங்கிக் குதிரை லாட வடிவில் அரண் அமைத்துக்கொண்டு, கால்வாய் நீரைக் கரும்பு வயல்களில் பாய விட்டார்கள். இரவோடு இரவாக ஊறிய வயலில் அந்தப் பெரும் வண்டிகள் புதைந்தன. திரும்ப முடியாமல், விரைய முடியாமல் நின்றன. ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு கரும்பின் மறைவில் இருந்து டாங்கி மேல் டாங்கியாகத் தகர்த்த அப்துல் ஹமீது செப்டம்பர் 10-ஆம் நாள் வீரமரணம் அடைந்தார். பரம வீர சக்கரம் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. அந்தப் போரில் நீரும் சேறும் நம் பக்கம் நின்று போரிட்டன என்றால் அது மிகையன்று. அப்படியிருக்க, அந்த வண்டியின் சக்கரத்தில் சேற்றைக் காட்டாமல் உலர்ந்த புழுதியைக் காட்டினால், எதனால் அவ்வண்டி தோற்றது என்ற கதையையே துடைத்து விட்டோம் அல்லவா?

துருவைப் பற்றியும் ஒரு சொல். படையில் பணியாற்றும் கவச வண்டி துருப்பிடித்துக் கிடப்பதில்லை. அதை நாள்தோறும் துடைத்து எண்ணெய் இடுவதற்கே ஆட்கள் இருக்கிறார்கள். பூச்சு உரிந்தால் முதலில் அடிப்பூச்சு தெரியும். அதற்கும் அடியில்தான் எஃகு. தரையில் உராயும் சங்கிலிப் பட்டையின் முகம் பளபளக்கும், அதன் இடுக்குகளில் பழுப்புத் துரு இருக்கும். புகைபோக்கியின் மேல் வெப்பத்தால் பூச்சுக் கருகித் துரு ஏறும். உடல் முழுதும் செந்துரு படர வேண்டுமானால் வண்டி தீப்பற்றி எரிந்திருக்க வேண்டும். எரிந்த வண்டியில் பூச்சு முழுதும் பொசுங்கிப் போவதால் சில நாட்களிலேயே செம்மஞ்சள் துரு படர்ந்துவிடும். ஆகவே துருப் புட்டியைத் திறக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது எரிந்த வண்டியா, ஓடிய வண்டியா? இரண்டையும் ஒரே வண்டியில் காட்டுவோரைப் பார்த்திருக்கிறேன். எரிந்து துருவேறிய உடலும், மேலே கையசைக்கும் வீரனும்!

‘மேடையேறி நிற்கும் உண்மை வண்டியைப் பார்த்துத்தான் பூசினேன்’ என்பது வழக்கமான மறுமொழி. 1965-இல் கைப்பற்றிய பாட்டன் வண்டிகள் நம் நாட்டின் பல ஊர்களில் வெற்றிச் சின்னமாக நிற்பது உண்மையே. ஆனால் அவை அறுபது ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்பவை. விழா வரும்போதெல்லாம் கடையில் கிடைத்த பச்சை எனாமலை அள்ளிப் பூசியிருப்பார்கள். அதன் வடிவத்தை அளக்கலாம், திருகாணியை எண்ணலாம். நிறத்தை மட்டும் அதனிடம் கேட்கக் கூடாது. அந்நாளைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்திடமும் நிறத்தைக் கேட்க இயலாது. ஆனால் சேறு எவ்வளவு உயரம் ஏறியிருந்தது, எங்கே தெறித்திருந்தது என்பதை அப்படம் தெளிவாகச் சொல்லும்.

இனி வண்ணத்திற்கு வருவோம். ஆலிவ் பச்சை என்று நாம் அழைக்கும் அமெரிக்கப் படை நிறம் தொடக்கத்தில் மஞ்சட் காவியும் கறுப்பும் கலந்து ஆக்கப்பட்டது. அதில் பச்சைப் பொருளே இல்லை! வெயில் பட்டால் அது பழுப்பாகவோ சாம்பலாகவோ சாய்வதும் இயல்பே. குப்பியின் மேல் எழுதிய பெயரை நம்பி அப்படியே பூசினால் மற்றொரு தொல்லையும் உண்டு. 35-இல் ஒரு பங்கு அளவுள்ள வண்டியை ஒரு முழத்திற்கும் குறைவாக, 30 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்கிறோம். உண்மை வண்டியைப் பத்தரை மீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்கு அது சமம். அத்தொலைவில் காற்றும் ஒளியும் நிறத்தைச் சற்று வெளுக்கச் செய்யும். எனவே மூல நிறத்தோடு வெள்ளையோ இளமஞ்சளோ சில துளி சேர்ப்பது நலம். கறுப்பு நிறத்தைக் கறுப்பாகவே பூசுவது கூடவே கூடாது, கருஞ்சாம்பல் போதும்.

எந்த வகை வண்ணம் வாங்குவது? வேதியியல் படிப்பவன் என்பதால் விடுதி நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அக்ரிலிக் வண்ணம் நீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துகள்களால் ஆனது. நீர் போனதும் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகிவிடும். பிறகு நீர் அதைக் கரைக்காது, டர்பண்டைனும் எளிதில் கரைக்காது. எனாமல் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவது. அதற்கு நாட்கள் வேண்டும். லாக்கர் கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலர்வது. அதே கரைப்பான் பட்டால் மறுபடியும் இளகும். நெயில் பாலிஷ் நீக்கும் அசிட்டோன் பட்டாலோ வண்ணம் மட்டுமன்று, பாலிஸ்டைரீன் வண்டியே உருகும். ஆகவே அடிநிறத்திற்கு அக்ரிலிக், அது நன்கு காய்ந்தபின் மேலே இடுக்குகளில் ஓடவிடும் மெல்லிய கரிய நீர்மத்திற்கு டர்பண்டைனில் கரைத்த எண்ணெய் வண்ணம் என்பது என் துணிபு. கீழ்ப் படலத்தைத் தொடாமல் மேலே துடைக்கவும் திருத்தவும் முடியும். சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். இருவர் துயிலும் விடுதி அறையில் டர்பண்டைன் ஆவி நல்ல விருந்தாளியன்று.

ஜப்பானின் டாமியா, ஸ்பெயினின் வயேஹோ ஆகியோர் செய்யும் அக்ரிலிக் குப்பிகள் மிக நுண்ணிய துகளால் ஆனவை. அவற்றில் நான்கு வாங்குவது வீண் செலவன்று; சுவருக்கும் கதவுக்கும் பூசும் எனாமலைக் கொண்டு வந்து இங்கே பூசினால் திருகாணிகள் எல்லாம் அதற்குள் புதைந்துவிடும். நான் மறுப்பது அந்த நான்கு குப்பியையன்று. அதன் பிறகு வரும் இருபது குப்பியை! ‘ஐரோப்பிய மண்’, ‘வட ஆப்பிரிக்கப் புழுதி’, ‘ருஷ்ய மண்’, ‘வியட்நாம் மண்’ என்று பெயரிட்டு, கட்டை விரல் அளவுக் குப்பியில் பொடியை அடைத்து விற்கிறார்கள். அதில் ஒன்றின் விலை எனக்கு ஒரு வாரச் சிற்றுண்டிச் செலவு. அதற்குள் இருப்பது பெரும்பாலும் என்ன? இரும்பின் ஆக்சைடு, நம் வீட்டு வாசலில் கோலத்திற்குக் கரை கட்டும் காவி.

ஓவியர்களின் வண்ணக் குழாயில் ‘பர்ன்ட் சியென்னா’ என்று எழுதியிருக்கும். சியென்னா என்பது இத்தாலி நாட்டில் ஓர் ஊர். அந்த ஊர்ப் பக்கத்து மஞ்சள் மண்ணைச் சுட்டால் அதிலுள்ள நீர் நீங்கிச் செம்மையாகும். அதையே உலகெங்கும் விற்றார்கள். ஓர் ஊர் மண் குழாய்க்குள் புகுந்து கலைப்பொருள் ஆகுமானால் மற்றோர் ஊர் மண் ஏன் ஆகாது?

எங்கள் குடும்பம் சேலத்திலிருந்து பட்டுத் தொழிலை நம்பிக் கொள்ளேகாலுக்கு வந்து குடியேறியது. தந்தையார் நூலுக்குச் சாயம் ஏற்றுபவர். சாயம் நீரில் கரைந்து நூலுக்குள் புகும், காவி கரையாமல் மேலே படியும் என்ற வேறுபாட்டைப் பாடப் புத்தகத்திற்கு முன்பே சாயத் தொட்டியின் அருகில் கண்டேன். கொள்ளேகால் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆட்சி எல்லை இத்தனை முறை மாறியும் தோட்டத்துச் செம்மண் அதே செம்மண்தான். அதை எப்படிப் பயன்படுத்துவது?

தோண்டிய மண்ணை அப்படியே தூவக் கூடாது. அரை மில்லிமீட்டர் மணல் துகளை 35 மடங்கு பெருக்கிப் பாருங்கள்: பதினேழரை மில்லிமீட்டர்! சிறு டாங்கியின் மேல் அது மணலாகத் தோன்றாது, சரளைக்கல்லாகத் தோன்றும். கண்ணாடிக் குவளையில் பத்துச் சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் ஊற்றி, மண்ணைப் போட்டுக் கலக்கி, ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கிற்கும் பெரிய துகள் எல்லாம் அதற்குள் அடியில் இறங்கிவிடும். ஸ்டோக்ஸ் வகுத்த விதியைத் தேர்வுக்கு மட்டும் உருப்போடும் நண்பர்கள் இங்கே அதைக் கண்ணால் காணலாம். மேலே நிற்கும் கலங்கல் நீரை வேறு பாத்திரத்தில் வடித்து, இரண்டு நாள் அசையாமல் வைத்து, தெளிந்த நீரைக் கொட்டிவிட்டு உலர்த்தினால் முகப்பொடி போன்ற மண் கிடைக்கும். சில துளி மங்கல் வார்னிஷில் குழைத்துப் பூசினால் உதிராது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘சொந்த மண்’ என்ற பாசத்தால் கொள்ளேகால் செம்மண்ணை அசல் உத்தர் பாட்டன் மேல் பூசலாமா? கூடவே கூடாது. அது ‘ஐரோப்பிய மண்’ணைப் பூசுவதைப் போன்ற பிழையே. பஞ்சாபின் வயல்கள் ஆறுகள் கொணர்ந்த வண்டல். நிறம் சாம்பல் சாய்ந்த பழுப்பு. எங்கள் ஆய்வகத்தில் படிக்கும் அமிர்தசரஸ் நண்பர் விடுமுறை முடிந்து திரும்பும்போது செய்தித்தாளில் மடித்து ஒரு பொட்டலம் கொண்டு வந்தார். மேசையில் எங்கள் மண்ணுக்கு அருகில் அதைக் கொட்டியபோது இரண்டும் ஒரே நாட்டு மண் என்று சொல்ல எவருக்கும் துணிவு வரவில்லை. பொட்டலம் கிடைக்காதவர்கள் மஞ்சட் காவி, சுண்ணாம்பு, சிறிது விளக்குக் கரி மூன்றையும் கலந்து அந்நிறத்தை நெருங்கலாம். 1971 டிசம்பரில் லோங்கேவாலாவில் நடந்த போரை அமைப்பவர்கள் கரியைக் குறைத்து மஞ்சளைக் கூட்டட்டும். அது இராசஸ்தானத்துப் பாலை.

பொடி சரியாக இருந்தும் சேறு சேறாகத் தோன்றவில்லை என்பார்கள் சிலர். ஈர மண் உலர்ந்த மண்ணைவிடக் கறுத்துத் தெரிவது ஏன்? உலர்ந்த மண்ணில் துகளுக்கும் காற்றுக்கும் இடையே ஒளி பலவாறு சிதறி நம் கண்ணை வந்து சேர்கிறது. இடைவெளியில் நீர் நிரம்பினால் சிதறல் குறைகிறது, மண் கறுக்கிறது. ஆகவே ஒரே பொடியைக் கொண்டு மூன்று நிலை காட்டலாம். மேலே தெறித்து உலர்ந்ததை மங்கல் வார்னிஷில் வெளிறவிடுங்கள். நடுவே சற்றுக் கரி சேருங்கள். சங்கிலிப் பட்டைக்கும் அடிவயிற்றுக்கும் இன்னும் கரி சேர்த்து, மேலே பளபளக்கும் வார்னிஷ் ஒரு கை தடவுங்கள். பட்டையின் பாதிச் சக்கரம் வரை அந்த ஈரம் நிற்கட்டும். கரும்புத் தோகைக்குக் காய்ந்த புல்லை நறுக்கிச் செருகலாம்.

வரும் ஆண்டு விழாவுக்கு நம் சங்கத்தார் முன் ஒரு வேண்டுகோள். மாதிரி வண்டிகளின் அட்டையில் வண்டியின் பெயரோடு ஊரும் மாதமும் எழுதப்பட வேண்டும். அவற்றைச் சொல்ல முடியாத வண்டிக்குப் பரிசு கிடையாது என்று விதி செய்யலாம். மேலும், பாட்டனையும் ஜெர்மானிய டைகரையும் தவிர வேறொன்றும் மேசைக்கு வருவதில்லை. ஆவடியில் நம் தொழிலாளர் கையால் 1965 முதல் ஆக்கப்பட்ட விசயந்தாவை ஒருவரும் செய்யக் காணோம். விக்கர்ஸ் வரைபடத்தில் பிறந்த வண்டிதான்; ஆனால் நம் படையில் நெடுங்காலம் உழைத்து ஓய்ந்தது. அதன் 105 மில்லிமீட்டர் பீரங்கி நம் அளவில் சரியாக மூன்று மில்லிமீட்டர். ஊதுவத்தித் தடிப்பிற்குச் சற்றே மேல். உடலை அட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் வெட்டி ஒட்டலாம். தொழிற்சாலை வாயிலைக் கடந்து வெளிவரும் முதல் நாளாக அதைக் காட்ட எண்ணியிருக்கிறேன். அதற்கு நான்கு குப்பி வண்ணம் போதும், மண் வேண்டியதில்லை.