வண்டின் ரீங்காரமும் நமது கடமையும்

காலை வேளையில் கத்தரித் தோட்டத்தில் நின்று பார்த்தவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். வண்டு ஒன்று பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை மடக்கியபடியே உரக்க ரீங்காரம் செய்கிறது. மறுகணம் மஞ்சள் தூள் அதன் வயிற்றில் படிகிறது. இதை வீண் சப்தமென்று எண்ணுவோர் பலர். குடியானவனது மகசூலில் ஒரு பங்கு அச்சப்தத்தில் அடங்கியிருக்கிறதென்பதே நமது கட்சி.

பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை வெடித்து, மகரந்தம் வெளியே தெரியும். கத்தரி, சுண்டை, மணத்தக்காளி, ஆவாரை முதலியவற்றிலோ அது குழல் போன்ற பையில் அடைபட்டு, நுனியிலுள்ள சிறு துவாரத்தின் வழியாகவே வெளிவர வேண்டும். வண்டு தன் பறக்கும் தசைகளைச் சிறகு அசையாதவாறு இயக்கி, விநாடிக்கு 100 முதல் 400 தடவை வரை அதிர்கிறது. அவ்வதிர்வினால் மகரந்தம் உதிர்கிறது. சுமார் 20,000 தாவர வகைகள் இத்தகைய பூக்களை உடையனவென்று சாஸ்திர நிபுணர் மதிப்பிட்டிருக்கின்றனர்.

'தேனீப் பெட்டிகளை வைத்தால் போதாதா?' என்று நண்பர்கள் கேட்கலாம். போதாது. தேன் தரும் தேனீ இவ்வித்தையை அறியாது. நமது பக்கத்தில் இதனைச் செய்பவை, காய்ந்த மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டும், மண்ணில் வளை தோண்டும் நீலப்பட்டைத் தேனீயும், அவற்றின் இனத்தாருமே. கத்தரி தன் மகரந்தத்தாலேயே ஓரளவு காய்க்குமென்பது மெய்யே. ஆயினும் இவ்வண்டுகள் வந்து சென்ற பூக்களில் காய் மிகுதியாகவும் பருமனாகவும் பிடிக்கிறது.

அந்நிய வண்டை வரவழைக்கலாமென்பது மற்றொரு யோசனை. ஐரோப்பாவில் 1980-களின் பிற்பகுதி முதல், கண்ணாடி வீட்டுத் தக்காளிக்கென்று 'பம்பிள்' தேனீயைப் பெட்டியில் வளர்த்துப் பல தேசங்களுக்கும் அனுப்பி வருகின்றனர். சிலி தேசம் அதனை 1990-களின் பிற்பகுதியில் ஏற்றது. அது கூண்டை விட்டு வெளியேறி, 2006-க்குள் அர்ஜெண்டீனாவிலும் புகுந்தது. அங்கே நெடுங்காலம் வாழ்ந்த பெரிய பொன்னிறத் தேனீயோ பல இடங்களில் மறைந்துவிட்டது. ஜப்பான் 2006-லேயே அவ்வந்நிய இனத்திற்குச் சட்டத்தால் கட்டுப்பாடு விதித்தது. வீட்டிலுள்ள வேலையாளைப் பட்டினி போட்டுவிட்டு வெளியிலிருந்து ஆள் தேடுவது விவேகமாகாது.

'பூச்சி மருந்தே தெளிக்காதே' என்று குடியானவனுக்கு உபதேசிக்க நாம் துணியவில்லை. காய்ப்புழு தோட்டத்தைத் துளைக்கும்போது கடன் கொடுத்தவன் காத்திருப்பானா? ஆனால் பூ விரிந்து வண்டு திரியும் காலை நேரத்தில் தெளிப்பது, தன் வேலையாட்களைத் தானே மடிப்பதாகும். வண்டு அடங்கிய மாலையில் தெளிக்கலாம். வரப்போரத்தில் சிறிது நிலத்தை உழாமல் விடலாம். காய்ந்த மரக்கிளையையும் பழைய மூங்கிலையும் எரிக்காமல் ஒரு மூலையில் வைக்கலாம். இவற்றிற்குக் காசு செலவில்லை.

விவசாய இலாகாவுக்கும் ஒரு வார்த்தை. மருந்தின் அளவைக் கூறும் உத்தியோகஸ்தர்கள், அதைத் தெளிக்கும் வேளையையும் ஒவ்வொரு கிராமத்திலும் எடுத்துரைக்க வேண்டும். தேனீப் பெட்டிக்குக் காட்டும் சிரத்தையில் ஒரு பங்கையேனும், பெட்டிக்குள் அடங்காத இவ்வண்டுகளுக்கும் காட்ட வேண்டும். கூலி கேளாத வேலையாள் குறை சொல்ல வருவதில்லை. ஒரு நாள் வராமல் நின்றுவிடுவான். அந்த நாள் வருமுன் விழித்துக்கொள்வது நமது கடமை.