ஒரு வெயில் காட்டினால் போதுமா?

காட்டூர் மாவு மில்லில் எனக்கு முன்னால் நின்ற அம்மா மூட்டையைப் பிரித்தார். பெரம்பலூர் பக்கத்து மக்காச்சோளம். காயப்போட்ட நேரத்தில் மழை பிடித்த சரக்கு. அடியில் சாம்பல் பூத்து, மக்கின வாடை. "ஒரு வெயில் காட்டியாச்சு தம்பி, இனி ஒண்ணும் பண்ணாது. மருமக முழுகாம இருக்கா, அவளுக்குத்தான் சத்துமாவு" என்றார்.

வெயில் பூசணத்தைக் காயவைக்கும், சரிதான். ஆனால் அது ஏற்கெனவே தானியத்துக்குள் விட்டுப்போன நஞ்சு அங்கேயேதான் இருக்கும். மக்காச்சோளத்தில் படரும் ஃபியூசேரியம் பூஞ்சையின் நஞ்சுக்கு ஃபியூமோனிசின் என்று பெயர். 1988இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். கஞ்சி கொதிக்கிற 100 டிகிரிச் சூடு அதற்குப் பெரிய விஷயமில்லை.

"நாங்க தின்னு வளரலையா?" என்பது அடுத்த வாதம். தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகாமலில்லை. 1995இல் தக்காணப் பீடபூமிக் கிராமங்களில் மழையில் நனைந்த சோளமும் மக்காச்சோளமும் உண்டவர்கள் வயிற்றுவலியாலும் வயிற்றுப்போக்காலும் அவதிப்பட்டார்கள்; காரணம் இதே ஃபியூமோனிசின். ஆனால் கருவுக்கு நேர்வது தாயின் வயிற்றுவலியில் தெரியாது என்பதுதான் சிக்கல்.

கருத்தரித்து நான்கு வாரத்துக்குள், மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற திசு தளிர் வாழையிலைபோலச் சுருண்டு நரம்புக்குழாயாக மூடிக்கொள்கிறது. மேல்முனை மூடாவிட்டால் மூளை உருவாகாது. கீழே மூடாவிட்டால் முதுகுத்தண்டில் பிளவு. செல்லின் மேலுறைக்கு வேண்டிய ஸ்பிங்கோலிப்பிட் என்ற கொழுப்பு உருவாவதை ஃபியூமோனிசின் தடுக்கிறது. ஃபோலேட் என்ற வைட்டமினை உள்ளே இழுக்கும் ஏற்பி அந்த உறையில்தான் உட்கார்ந்திருக்கிறது. உறை கெட்டால் அதுவும் தடுமாறும். கருவுற்ற எலிகளுக்கு இந்த நஞ்சைச் செலுத்தியபோது குட்டிகளின் நரம்புக்குழாய் மூடவில்லை. ஃபோலேட் கொடுத்தபோது ஓரளவு தப்பின.

"அதான் ஆஸ்பத்திரியில மாத்திரை தர்றாங்களே?" அந்த மாத்திரையில் இருக்கும் ஃபோலேட்டான ஃபோலிக் அமிலம் அருமையான மருந்துதான். ஏற்கெனவே இப்படிக் குழந்தை பெற்ற தாய்மாரிடம், அடுத்த பிரசவத்தில் அது 72 சதவீதம் காத்ததாக 1991இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. நூறு அல்ல. அதோடு, நாள் தள்ளிப்போய், சோதித்து, பெயர் பதிந்து மாத்திரை கைக்கு வருவதற்குள் பலருக்கு அந்தக் குழாய் மூடியோ மூடாமலோ முடிந்திருக்கும். முழுகாமல் இருப்பது தெரிந்த பிறகு நல்ல தானியமாகப் பொறுக்கி வைப்பது, இந்த ஒரு விஷயத்தில், காலம் கடந்த கவனம்.

எல்லாப் பிறவிக் குறைக்கும் பூசணமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. கிரகணத்தின் மேல் பழி போடுவதற்கு அதுவும் சமம்தான். மனிதரிடம் கிடைத்த சான்று எலிகளில் கிடைத்த அளவுக்கு உறுதியானதும் அல்ல. 1990, 91இல் அமெரிக்காவின் டெக்சாஸ் எல்லையில் மூளையில்லாக் குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்தன. பின்னர் 2006இல் வந்த ஆய்வில், கர்ப்பத்தின் முதல் மாதங்களில் மக்காச்சோள ரொட்டி அதிகம் உண்டவர்களிடம் ஆபத்து கூடியிருந்தது. மிக மிக அதிகம் உண்டவர்களிடமோ கூடவில்லை. அங்கே கருவே தங்கியிராது என்பது ஆய்வாளர்களின் ஊகம். தொடர்பு உண்டு, தீர்ப்பு இல்லை. ஆனாலும் சந்தேகத்தின் பலனை மக்காச்சோள மூட்டைக்குக் கொடுப்பானேன்?

முறத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தென்னாப்பிரிக்கக் கிராமம் ஒன்றில் சொத்தையும் உடைசலும் பொறுக்கி நீக்கிவிட்டு மீதியைக் கழுவியதிலேயே மக்காச்சோளத்தின் ஃபியூமோனிசின் 84 சதவீதம் குறைந்தது. பொறுக்கியதை எங்கே போடுவது என்பதில்தான் மறுபடி சறுக்குகிறோம்.

"அப்ப மாட்டுக்காச்சும் போடலாம்ல?" என்றார் அந்த அம்மா. பூசணம் பிடித்த தீவனத்தில் வேறொரு நஞ்சும் இருக்கலாம், அஃப்லாடாக்சின். நரம்புக்குழாய்க் கதையை அதன்மேல் ஏற்ற வேண்டாம்; ஆனால் அது பாலில் இறங்கும், தொப்புள்கொடி இரத்தத்திலும் அதைக் கண்டிருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எடுத்த தமிழ்நாட்டுப் பால் மாதிரிகள் 551இல் 88, அதற்கான வரம்பைத் தாண்டின. சொன்னேன்.

அரைக்காமலே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். மாட்டுக்குப் போட்டாரோ என்னவோ.