ஆணையருக்கு இருக்கும் காப்பு அள்ளுபவருக்கு இல்லையா?

சேலம் மாநகராட்சியில் மூன்று பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் ஆணையர். இரண்டாமவர் வீட்டு வரி வசூலிக்கும் பில் கலெக்டர், நிரந்தர ஊழியர். மூன்றாமவர் அம்மாபேட்டையில் விடிவதற்குள் தெருவைக் கூட்டி முடிக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். இந்த மூவரில் யாரை "நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்" என்று வாய்வார்த்தையாகவே அனுப்பிவிட முடியும்?

மூன்றாமவரைத்தான். இதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. ஆனால் ஏன் அப்படி என்று கேட்டுக்கொண்டு சட்டத்தின் பக்கம் போனால், இரண்டாமவர் நிலையும் நாம் நினைப்பது போல அவ்வளவு உறுதியானது இல்லை என்று தெரிய வருகிறது.

இந்திய அரசியல் சாசனத்தின் 311-ஆவது பிரிவு, மத்திய, மாநில அரசு ஊழியர்களுக்கு இரண்டு காப்புகளைத் தருகிறது. ஒன்று, அவரை நியமித்த அதிகாரியை விடக் கீழ்நிலையில் உள்ளவர் அவரை வேலையை விட்டு நீக்க முடியாது. இரண்டு, குற்றச்சாட்டு என்ன என்று சொல்லி, விசாரணை நடத்தி, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்த பிறகே நீக்கவோ பதவி இறக்கவோ முடியும். விதிவிலக்குகளும் உண்டு. குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர், விசாரணை நடத்தவே இயலாத சூழ்நிலை, நாட்டின் பாதுகாப்பு என்று மூன்று சந்தர்ப்பங்கள். மற்றபடி விசாரணை இல்லாமல் நீக்கம் இல்லை.

ஆனால் இந்தப் பிரிவு பேசுவது மத்திய, மாநில அரசுகளின் கீழ் 'சிவில் பதவி' வகிப்பவர்களைப் பற்றி மட்டும். நகராட்சியும் மாநகராட்சியும் சட்டத்தின் பார்வையில் தனி அமைப்புகள். எனவே மாநகராட்சியின் சொந்த ஊழியருக்கு 311 கிடையாது! ஆணையரோ இந்திய ஆட்சிப் பணியிலிருந்தோ மாநிலப் பணியிலிருந்தோ வந்தவர். அவருக்கு உண்டு. ஒரே கட்டடம், ஒரே கூரை. மேலே இருப்பவருக்கு அரசியல் சாசனமே காவல். நடுவில் இருப்பவருக்கு அரசு நினைத்தால் மாற்றிவிடக்கூடிய பணி விதிகள். கடைசியில் இருப்பவருக்கு ஒப்பந்தக்காரரின் நல்ல மனசு!

1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியல் சாசன அந்தஸ்து கொடுத்தது. தேர்தல் கட்டாயம் ஆனது, 18 பணிகள் கொண்ட பட்டியல் சேர்ந்தது. அடுத்த வருடமே, 1994-ல், சேலம் மாநகராட்சி ஆனது. 2024-ல் நாமக்கல்லும் மாநகராட்சி ஆகிவிட்டது. 2020-ல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் 'தூய்மைப் பணியாளர்' என்று மாறியது. அமைப்புக்கு அந்தஸ்து வந்தது, ஊருக்குப் பட்டம் வந்தது, வேலைக்குப் பெயரும் வந்தது. வேலை செய்பவருக்கு வர வேண்டிய பாதுகாப்பு மட்டும் இன்னும் வரவில்லை.

இதை ஏதோ ஊழியர்களின் சலுகை விவகாரம் என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம். இது ஊரில் வசிப்பவர்களின் விவகாரமும்தான். எப்படி என்று பார்ப்போம்.

நகராட்சி ஊழியர் செய்யும் வேலை என்ன? மூன்று மாடி கட்டிவிட்டு ஒரு மாடிக்கு மட்டும் வரி கட்டுபவருக்கு நோட்டீஸ் கொடுப்பது. ஓட்டல் சமையல்கட்டுக்குள் போய்ப் பார்ப்பது. எந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரம் குடிநீர் வால்வைத் திறப்பது என்று பார்த்துக்கொள்வது. தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று வீடு வீடாக எட்டிப் பார்ப்பது. இந்த வேலைகளில் ஒவ்வொன்றும் யாராவது ஒருவருக்கு எரிச்சல் தரும். எரிச்சல் அடைபவர் சாதாரண ஆளாக இருந்தால் முணுமுணுப்பார். கவுன்சிலரின் மைத்துனராக இருந்தால்? சென்னைத் தலைமைச் செயலகத்தில் இருக்கும் ஊழியருக்கும் அவரால் இடைஞ்சல் பண்ணப்படுபவருக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருக்கிறது. நகராட்சி ஊழியருக்கு அந்தத் தூரம் கிடையாது. இருவரும் ஒரே டீக்கடையில் நிற்பவர்கள். ஆக, பாதுகாப்பு அதிகமாகத் தேவைப்படுவது யாருக்கு? உள்ளூர் ஊழியருக்குத்தான். நம் நாட்டில் கணக்கு தலைகீழாக இருக்கிறது.

அமெரிக்கக் கதை ஒன்று இங்கே பொருந்தும். அங்கே ஒரு காலத்தில் ஆட்சி மாறினால் ஆபீஸ் பியூன் வரைக்கும் மாறுவார்கள். 1881-ல் பதவி கேட்டுக் கிடைக்காத ஒருவன் ஜனாதிபதி கார்பீல்டைச் சுட்டான். அதன் பிறகுதான் 1883-ல் பெண்டில்டன் சட்டம் வந்தது. தேர்வு வைத்து வேலை, அரசியல் காரணத்துக்காக நீக்கக் கூடாது என்று. அது மத்திய அரசுக்கு. மறு வருடமே, 1884-ல், மாசசூசெட்ஸ் மாநிலம் போட்ட சட்டத்தில் மாநில ஊழியர்களோடு நகரங்களின் ஊழியர்களையும் சேர்த்தார்கள். நகர நிர்வாகம்தான் அரசியல் கைகளுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது என்பதை 140 வருடங்களுக்கு முன்பே அங்கே புரிந்துகொண்டார்கள்.

நம் ஊருக்குத் திரும்புவோம். 1952-ல் உச்சநீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. வங்காளத்தில் பட்ஜ் பட்ஜ் என்ற சிறு நகராட்சி. அங்கே தலைமை எழுத்தரையும் சுகாதார ஆய்வாளரையும் நகராட்சித் தலைவர் நீக்கிவிட்டார். இருவரும் தொழிற்சங்க உறுப்பினர்கள். தீர்ப்பாயம் அவர்களைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. அதற்கு நகராட்சி சொன்ன வாதம்: நகராட்சி ஒரு தொழில் நிறுவனம் இல்லை, எனவே தொழில் தகராறு சட்டம் எங்களுக்குப் பொருந்தாது! உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. யோசித்துப் பாருங்கள். அரசு ஊழியருக்கான காப்பு கேட்டால் நீ அரசு ஊழியர் இல்லை என்கிறார்கள். தொழிலாளிக்கான காப்பு கேட்டால் இது தொழில் இல்லை என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் விழுந்தவர் எங்கே போவார்?

இது அந்தக் காலம் என்று தள்ளிவிட முடியாது. காசியாபாத் மாநகராட்சியில் தோட்டக்காரர்கள் சிலர் 1998, 1999 முதல் வேலை பார்த்தார்கள். பணி நிரந்தரம் கேட்டார்கள். 2005 ஜூலையில் நோட்டீஸ் இல்லை, எழுத்தில் ஒரு வரி இல்லை, வாய்மொழியாகவே நிறுத்தப்பட்டார்கள். அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு பாதிச் சம்பளப் பாக்கியையும் கொடுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது 2025 ஜனவரி 31-ல். கிட்டத்தட்ட இருபது வருடங்கள்! வென்றார்கள், சரி. ஆனால் அந்த இருபது வருடத்தில் அவர்கள் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகியிருக்கும்? "என்ன தப்பு செய்தேன், எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்கும் உரிமை 2005-லேயே இருந்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.

தமிழ்நாட்டில் நிலைமை எந்தப் பக்கம் போகிறது? 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளின் பணியிடங்களை மாற்றி அமைத்தது. கடைநிலை வேலைகள் பலவற்றை வெளி ஆட்கள் மூலம் செய்துகொள்ள வழி விட்டது. அந்த ஆணையையும் அரசாணை 139-ஐயும் ரத்து செய்யச் சொல்லித் தொழிற்சங்கங்கள் போராடின. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை எதிரில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்து 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் உயர்நீதிமன்ற உத்தரவைக் காட்டி இரவோடு இரவாக அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்கள் கேட்டதில் சம்பளம் உண்டு, பணி நிரந்தரம் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பயம் உண்டு. நாளைக்கு நான் யாருடைய ஊழியர்?

சரி, எதிர்த் தரப்பு என்ன சொல்லும் என்றும் பார்க்க வேண்டும். அதுதான் நியாயம்.

முதல் வாதம்: "பாதுகாப்புக் கொடுத்தால் வேலை செய்ய மாட்டார்கள்." அரசு அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்கு நாலு முறை நடந்தவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 311 யாரையும் நீக்கக் கூடாது என்று சொல்லவில்லை. காரணம் சொல்லி, விசாரித்து நீக்கு என்கிறது. வேலை செய்யாதவருக்கு '17 பி' மெமோ கொடுத்து, விசாரணையை ஆறு மாதத்தில் முடித்தால் யார் வேண்டாம் என்கிறார்கள்? விசாரணை பத்து வருடம் இழுப்பது நடத்துபவரின் குற்றம். விசாரணை என்ற ஏற்பாட்டின் குற்றம் ஆகாது.

தவிர, இந்தக் காப்பு அப்படி ஒன்றும் இரும்புக் கோட்டையும் இல்லை. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தின் போது தமிழக அரசு புதிதாகச் சட்டம் போட்டு, சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் கூண்டோடு நீக்கியது நினைவிருக்கலாம். பிறகு பெரும்பாலானோர் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். அரசியல் சாசனக் காப்பு இருந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், எதுவுமே இல்லாதவர் கதி என்ன?

இரண்டாவது வாதம்: "பணம் எங்கே?" வணிகவியல் படிப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். எந்த நகராட்சியின் வரவு செலவைப் பார்த்தாலும் சம்பளமும் ஓய்வூதியமும் பெரிய தலைப்புகள். ஆனால் இங்கே இரண்டு தனித்தனிக் கணக்குகளை ஒரே பேரேட்டில் எழுதிக் குழப்புகிறோம். ஊதிய விகிதமும் ஓய்வூதியமும் ஒரு கணக்கு. அதற்குச் செலவு உண்டு, விவாதம் செய்யலாம், படிப்படியாகத் தரலாம். காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது என்பது வேறு கணக்கு. அதற்கு ஆகும் செலவு ஒரு கடிதம், ஒரு விசாரணை அதிகாரி, கொஞ்சம் காகிதம். முதல் கணக்கில் பணம் இல்லை என்று சொல்லி இரண்டாவது கணக்கையும் மூடிவிடுவது என்ன கணக்கு?

மூன்றாவது வாதம்தான் கனமானது. "தேர்வு எழுதாமல் பின்வாசல் வழியாக வந்தவருக்கு ஏன் காப்பு? தேர்வுக்குப் படிப்பவன் ஏமாளியா?" 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். தற்காலிகமாக வந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. சேலத்திலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் பி.காம் முடித்துவிட்டு குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருப்பவர்களின் மனசும் இதைத்தான் சொல்லும்.

ஆனால் ஒரு நிமிடம். அந்த குரூப் 4 பட்டியலில் பில் கலெக்டர் வேலையும் வரும். நகராட்சி வேலை ஒவ்வொன்றாக ஒப்பந்தத்துக்குப் போகப் போக, எழுத வேண்டிய தேர்வின் இடங்களும் குறையும். தேர்வும் 69 சதவீத இட ஒதுக்கீடும் அரசு நியமனத்துக்குத்தான். ஒப்பந்தக்காரர் ஆள் எடுக்கும் போது ரோஸ்டர் பார்ப்பதில்லை. எனவே தேர்வுக்குப் படிப்பவனின் எதிரி தெருக் கூட்டும் அம்மா இல்லை. வேலையே இல்லாமல் செய்யும் ஏற்பாடுதான் இருவருக்கும் பொது எதிரி. மேலும், அந்தக் காசியாபாத் தீர்ப்பிலேயே, உமாதேவி தீர்ப்பை வருடக்கணக்கான சுரண்டலுக்குக் கேடயமாகப் பிடிக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

அப்படியானால் என்ன செய்யலாம்? அரசியல் சாசனத்தைத் திருத்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-ல் இயற்றப்பட்டு, 2023-ல் புதிய விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்திலேயே 311-இன் சாரத்தை எழுதிவிடலாம். விதியில் எழுதினால் ஓர் அரசாணையில் மாறிவிடும். சட்டத்தில் எழுதினால் சட்டமன்றத்தைத் தாண்ட வேண்டும்.

எழுத வேண்டியது மூன்றே விஷயங்கள். ஒன்று, எந்த மாநகராட்சி, நகராட்சி ஊழியரையும் எழுத்து மூலக் குற்றச்சாட்டு, விசாரணை, காரணம் சொல்லும் உத்தரவு இல்லாமல் நீக்கக் கூடாது. விசாரணைக்கு ஆறு மாதக் கெடு, மேல்முறையீடு அந்த ஊருக்கு வெளியே உள்ள அதிகாரியிடம். இரண்டு, ஒப்பந்தக்காரர் மாறினாலும் பணியாளர் மாறக் கூடாது. பிரிட்டனில் 2006 முதலே அப்படி ஒரு விதி இருக்கிறது. வேலை கை மாறும் போது ஆட்களும் பழைய பணிக்காலத்தோடு புதியவரிடம் போவார்கள். டெண்டரில் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க முடியாதா? மூன்று, ஒப்பந்தப் பணியாளரின் பெயரும் வேலை செய்த நாட்களும் மாநகராட்சிப் பதிவேட்டிலேயே இருக்க வேண்டும். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்று ஆலைகள், கடைகள் போன்ற நிறுவனங்களுக்கு 1981-லேயே சட்டம் போட்ட மாநிலம் இது. தனியார் முதலாளிக்குச் சொன்ன நியாயத்தை அரசு தன் வீட்டுக்குள்ளும் பின்பற்ற வேண்டாமா?

1917-ல் ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ தலைவர்கள், மேயர்கள், ஆணையர்கள் வந்து போய்விட்டார்கள். தெருவை மட்டும் அன்றும் இன்றும் யாரோ ஒருவர் விடிவதற்குள் கூட்டி முடித்துவிடுகிறார். ஆணையரைப் போல வீடு, கார், சம்பளம் என்று அவர் கேட்கவில்லை. "என்னை நீக்கினால் ஏன் என்று சொல்லுங்கள்" என்கிறார். அதை ஆணையருக்குச் சொல்ல வேண்டும் என்று நாட்டின் அரசியல் சாசனமே கட்டளையிடுகிறது. தெருக் கூட்டுபவருக்கும் சொல்வதில் அரசுக்கு என்ன நஷ்டம்?