சாமுவேல் ஆடம்ஸ் வரி ஏய்ப்பவர்களின் தலைவர் அல்ல



நம் பழைய மாணவர் குழுவில் நேற்று ஒரு தம்பியின் பதிவைப் பார்த்தேன். "தேயிலை வரியை ஏற்றினார்கள், சாமுவேல் ஆடம்ஸ் கடலில் கொட்ட வைத்தார். வரி கட்டாதவனே வீரன்" என்று எழுதியிருந்தார். பலர் கைதட்டியிருந்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது. முதல் கோபம் என்மேல்தான். "தேயிலை வரி உயர்வு" என்று கரும்பலகையில் எழுதி உங்களை மனப்பாடம் செய்ய வைத்தவன் நானே.

அது தவறு. 1773-ம் ஆண்டின் தேயிலைச் சட்டம் வரியை உயர்த்தவில்லை. ராத்தலுக்கு 3 பென்ஸ் வரி 1767-லேயே வந்துவிட்டது. புதிய சட்டத்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை விலை குறையத்தான் செய்தது. அந்த மலிவுத் தேயிலையைத்தான் டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகள் கடலில் கொட்டினார்கள்.

ஏன்? லண்டன் பாராளுமன்றத்தில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. எங்களைக் கேட்காமல் எங்கள் மடியில் கைவைக்க நீங்கள் யார் என்பதே ஆடம்ஸின் கேள்வி. விலை மலிவு என்று வாங்கிக் குடித்தால், அந்த அதிகாரத்தையும் சேர்த்து விழுங்கியதாகிவிடும் என்று அஞ்சினார்.

இன்னொன்றும் கேளுங்கள். ஆடம்ஸே பாஸ்டன் நகரின் வரி வசூலிப்பாளராக இருந்தவர். கறாராக வசூலிக்காததால் பாக்கி அவர் தலையில் விழுந்தது. சுதந்திரத்துக்குப் பின், 1786-ல் மாசசூசெட்ஸ் விவசாயிகள் கடனும் வரியும் தாங்காமல் கிளர்ந்தபோது, அவர்களைக் கடுமையாக அடக்கச் சொன்னவரும் அவரே. மக்களே தேர்ந்தெடுத்த ஆட்சிக்கு எதிராக ஆயுதம் எடுக்கக் கூடாது என்பது அவர் வாதம். அந்தக் கடுமையை நான் ஏற்கவில்லை. சொத்து இல்லாதவனுக்கும் பெண்களுக்கும் ஓட்டு இல்லாத ஆட்சி அது. ஆனால் அவர் வரியை வெறுத்தவர் அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

தம்பி, உனக்கு ஓட்டு இருக்கிறது. வரிப் பணம் எங்கே போகிறது என்று கேள், உரக்கக் கேள். அது ஆடம்ஸின் வழி. ரசீது இல்லாமல் வியாபாரம் செய்துவிட்டு அவர் பெயரைச் சொல்லாதே.

நான் தவறாகச் சொல்லிக் கொடுத்ததற்கு மன்னியுங்கள். திருத்தத்தை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.